அண்ணன் வீட்டுத் தண்ணீர்

ஓடையைச் சுத்தமாக வைத்திருக்க ஊரில் அமைத்த எங்கள் ஓடைக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் யார் வீட்டில் நடக்கிறதோ, அவர் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத்தான் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். சோதனைச்சாலை சொல்வது ஒருபக்கம் இருக்கட்டும், குடித்துக் காட்டுங்கள் என்று இதைக் கொண்டுவந்தவளே நான்தான். வாய்க்கொழுப்பு.

மேட்டில் மாடு வளர்ப்பவர்கள், நடுவில் என் அண்ணனின் சாயப்பட்டறை, கீழே ஊர். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இவர்களை ஒரே அறையில் உட்காரவைக்க நாயாக அலைந்தேன். மேட்டில் மாடு வைத்திருந்த பால்காரர் மட்டும் மசியவில்லை. உன் அண்ணன் ஓடையில் சாயக்கழிவு விடுவதை நிறுத்துவதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான் பொறுப்பு என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஓடைக்கரை மேய்ச்சலை விட்டு, வேலி போட்டு, பாதி மாடுகளை விற்றார்.

அண்ணனும் சுத்திகரிப்பு மெஷின் வாங்கினான். ஓடையில் எடுத்த சாம்பிள் எல்லாம் சுத்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டறையை ஒட்டிய அவன் வீட்டுக் கிணற்றிலிருந்துதான் எங்கள் வீட்டுக்கும் குழாய் வருகிறது. அப்பா காலத்து ஏற்பாடு. போன வருடம் தண்ணீர் லேசாகக் கசந்தபோது, பழைய குழாயை மாற்றியிருக்கிறேன், புதுக் குழாய் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றான். அண்ணன் சொன்னால் சரி என்று குடித்தேன். பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்.

கூட்டம் அவன் வீட்டில் நடப்பது இதுதான் முதல் தடவை. பட்டறைக்கு இனி சோதனையே வேண்டாம் என்று முடிவெடுக்கப்போகும் கூட்டம். ஒத்தாசை செய்யலாமே என்று சமையலறைக்குப் போனேன். அண்ணி கடையில் வாங்கிய தண்ணீர் கேனைச் சாய்த்து ஜாடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூலையில் காலி கேன்கள், மேலே ஒரு பழைய போர்வை. என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மெஷின் ஓடுதா அண்ணி?"

கரண்ட் செலவு கட்டுப்படியாகாமல் எப்போதோ நிறுத்தியாயிற்று, கழிவெல்லாம் பட்டறைக்குப் பின்னால் குழிக்குள் போகிறது என்று அடுப்பைப் பார்த்து முனகினாள். அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் வரும் கிணறு.

குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தேன்.

"குடிண்ணே. உன் வீட்டுக் குழாய்த் தண்ணி."

தொண்டை சரியில்லை என்று மழுப்பினான். பக்கத்திலிருந்த பால்காரருக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது போலும். தங்கச்சி பொறுப்பேற்ற தண்ணீர்தானே, நான் குடிக்கிறேன் என்று டம்ளரை எடுத்தார். நான் பாய்ந்து தடுப்பதற்குள் அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேண்டாங்க. குடிக்காதீங்க."

பால்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் பார்த்தது அவனையல்ல, என்னை. அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை.

குடும்பத்து மானத்தைச் சந்தி சிரிக்கவைக்கிறாயே, உள்ளே வா பேசலாம் என்று அண்ணன் பல்லைக் கடித்தான். நான் நகரவில்லை.

"அவர் ஒரு வாய் குடிக்கப்போனதும் பதறிட்டியே. நான் ஒரு வருஷமா குடிக்கிறேன். எனக்கு ஏன்ணே சொல்லல?"

சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும் நேரம். வந்ததும் முதலில் குழாயைத்தான் திறப்பார்கள். செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன்.