போர்ச்சுகல் தகப்பன்

"எந்த நாடுன்னு மட்டும் சொல்லிடும்மா. மீதிய நான் பாத்துக்கறேன்."

"போர்ச்சுகல் ஐயா."

"போன வாரமும் அதானே?"

"போன வாரம் நார்வே. பனியில வழி தவறின தபால்காரர்."

"ஆங், ஆமா. அந்தத் தபால்காரர் கதைக்கு நம்ம சபைத் தணிகைமணி கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடச்சிக்கினாரு, பாத்தியா?" போனில் அவர் சிரிப்பது கேட்டது. "இது உண்மையா நடந்ததுதானே? பீடத்துல நின்னுகினு நான் பொய் சொல்லக் கூடாது பாரு."

"நடந்ததுதான் ஐயா" என்றேன்.

ஆயர் கதிரவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் இப்படி என்னைக் கூப்பிடுவார். எந்த ஞாயிறு எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்ற பட்டியல் வருடத் தொடக்கத்திலேயே அச்சடித்து வந்துவிடும். பிரசங்கத்துக்கு வேண்டிய கதை அந்தப் பட்டியலில் வராது. அதை நான்தான் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டுப் புத்தகத்துக்குள் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை வைத்துப் படித்து, அவரிடமே மாட்டிக்கொண்டதன் தண்டனை அது. "இவ்ளோ படிக்கறல்ல, வாரத்துக்கு ஒண்ணு எனக்குக் குடு, உதயா" என்று சொல்லிவிட்டார்.

கதை வெளிநாட்டில் நடக்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு பள்ளிப்பட்டுப் பக்கம் வரப்புக்காக அடித்துக்கொண்ட ஓர் அண்ணன் தம்பி கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு குடும்பங்கள் சர்ச்சுக்கு வரவில்லை. இரண்டுமே தங்களைத்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டன. அவர் மனதில் வைத்துச் சொன்ன அண்ணனும் தம்பியும் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொன்னார்கள். அதிலிருந்து கடல் தாண்டிய கதைகள்தான்.

அந்த வாரப் பகுதி, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே தன் குருவைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன இடம். புதன்கிழமைக்குள் இரண்டு நாவல்களைப் புரட்டிவிட்டேன். ஒன்றில் போர், இன்னொன்றில் ஓர் இளவரசன். எதுவும் எங்கள் பெஞ்சுகளில் உட்காருகிறவர்களுக்குப் பொருந்தாது. வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும்போது சுஜாதா சொன்னது ஞாபகம் வந்தது. உண்மையில் அது எப்போதும் ஞாபகத்தில்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அதை எடுத்துப் பார்த்தேன்.

சுஜாதா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது அம்பத்தூரில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறாள். போன ஐப்பசியில் நாங்கள் இருவரும் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். மணவூரில் சிக்னல் கிடைக்காமல் ரயில் அரை மணி நேரம் நின்றது. அங்கேதான் சொன்னாள்.

அவளுடைய அப்பா கஜபதி ரயில்வேயில் தண்டவாள வேலை பார்ப்பவர். மூன்று வருடங்களுக்கு முன்பு, அவள் கல்லூரியில் படிக்கும்போது, அரக்கோணத்தில் தோழிகளோடு ரயிலுக்கு நின்றிருக்கிறாள். எதிர்ப் பிளாட்பாரத்தில் அப்பா. ஆரஞ்சு சட்டை, முழங்கை வரைக்கும் கிரீஸ். கையில் ஒரு பை நிறைய சீத்தாப்பழம். பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டிருக்கிறார். "உன்னையாடி கூப்பிடறாங்க?" என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். "இல்லையே. யாருன்னு தெரியல" என்றாள் சுஜாதா. சொல்லிவிட்டு, பையிலிருந்து இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

"பாட்டு எதுவும் போடல உதயா. ரயில் வர்ற வரைக்கும் நைனா கூப்பிட்டது அத்தனையும் கேட்டுச்சி."

அன்று சாயங்காலம் அவரே பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உரித்துக் கொடுத்தாராம். ஒன்றும் கேட்கவில்லை.

"அவருக்குத் தெரியுமா தெரியாதான்னே இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. போய்க் கேக்கவும் முடியாதுல்ல. இத யார்கிட்டயும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

எல்லாவற்றையும் மாற்றினேன். அரக்கோணத்தைக் கடலோரத்துச் சின்ன ஸ்டேஷனாக்கினேன். ஆரஞ்சு சட்டை கரி படிந்த கோட்டானது. சீத்தாப்பழம் அத்திப்பழமானது. 'பாப்பா' என்ற கூப்பாடு 'மகளே' ஆனது. கடைசி வரியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. 'அவள் காதில் மாட்டியிருந்த கருவியில் பாட்டு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.' அதை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். கதை செத்துப்போயிருந்தது. திரும்பச் சேர்த்தேன். கஜபதி மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வேலை அதிகம். ரயில்கள் குறைவாக ஓடும் நாளில்தான் தண்டவாளத்தைப் பிரிப்பார்கள். இந்த ஞாயிறும் அவருக்கு டூட்டி என்று சுஜாதாவே போனில் சொல்லியிருந்தாள். அவளுக்கும் கதை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிவிட்டதாக நம்பினேன். நம்பிக்கொண்டே அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்ததே தாமதமாகத்தான். ரத்தினம்மாள் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரரும் கஜபதி மாமாவும் ஒரே கேங்கில் வேலை செய்கிறவர்கள். பங்குனி வெயில் அதற்குள் ஏறியிருந்தது. மலைக்கோயில் ஸ்பீக்கர் பாட்டு ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்ததால் கதிரவன் ஐயா குரலை உயர்த்தியே பேசினார். பீடத்துக்கு எதிரே ஸ்டாண்டில் ஒரு போன். ஆராதனையை அதன் வழியாக நேரலையில் விடுவார்கள். அது பீடத்தை மட்டும்தான் காட்டும்.

"போர்ச்சுகல் தேசத்திலே ஒரு தகப்பன் இருந்தார், பிரியமானவர்களே. இது உண்மையாய் நடந்த சம்பவம்."

நான் காலை நீட்டிக்கொண்டு கேட்டேன். நான் எழுதியது இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். தகப்பன் அத்திப்பழப் பையைத் தூக்கிக் காட்டினார். மகளே என்று கூப்பிட்டார்.

ரத்தினம்மாள் அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "இன்னாடி இது, நம்ம கஜபதி சொல்ற கதை மாதிரியே கீது."

"என்ன கதை?"

"உனக்குத் தெரியாதா? அரக்கோணத்துல பொண்ணப் பாத்துக் கத்தினானாம். அது காதுல ஒயர மாட்டிகினு நின்னுச்சாம். தொண்ட கட்ற வரைக்கும் கத்தினேன், பிளாட்பாரத்துல படுத்துகினு இருந்த நாய் கூட எழுந்து பாத்துச்சி, என் பொண்ணு பாக்கலன்னு சொல்லிச் சொல்லி சிரிப்பான். நூறு வாட்டி சொல்லிட்டான். பாதி சர்ச்சுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. ஆராதனை முடிந்ததும் டீ கொடுக்கிற இடத்தில் நான் நின்றதே இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

"நல்ல வேள, அவரு டூட்டியில இருக்காரு" என்றேன். எதற்கு நல்ல வேளை என்று அவள் கேட்கவில்லை.

"டூட்டியா? பாலத்து வேலையத் தள்ளி வெச்சிட்டாங்க. அதோ, ஜன்னலாண்ட."

திரும்பினேன். கஜபதி மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் இருந்த ஜம்புலிங்கம் அண்ணனை முழங்கையால் இடித்து, பீடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். தன்னைப் போலவே கடலுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தன் கத்தியிருக்கிறான் என்ற சந்தோஷம். அடுத்து என்ன வரும் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், இன்னொன்று ஐயா. அவர் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

எழுந்து நிற்கலாமா என்று நினைத்தேன். மயங்கி விழலாமா என்று கூட நினைத்தேன்.

"அந்தத் தோழி கேட்டாள், அவர் யார்? மகள் சொன்னாள், எனக்குத் தெரியாது. கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். ஆனால் பிரியமானவர்களே." ஐயா நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "பாட்டு ஓடவில்லை."

எங்கேயோ ஒரு பெண் உச்சுக் கொட்டினாள்.

"பாட்டு ஓடவில்லை. தகப்பன் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கேட்டது."

நல்ல வரியை அவர் எப்போதும் இரண்டு தடவை சொல்வார். கஜபதி மாமா முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மாறிப்போயின. ஜம்புலிங்கம் அண்ணன் அவர் காதில் ஏதோ சொன்னார். இவர் தலையை ஆட்டினார். பிறகு சட்டைப் பொத்தானை, ஏற்கெனவே போட்டிருந்ததை, கழற்றித் திரும்பப் போட்டார். மூன்று வருடங்களாக அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதையின் மீதி அது. அதை எழுதிக் கொடுத்தவள் நான்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். ஸ்கூட்டி சாவி கைப்பையில் கிடைக்கவில்லை. வாசலில் ஜம்புலிங்கம் அண்ணன் பேசுவது கேட்டது.

"இன்னாப்பா, உன் கதை போர்ச்சுகல் வரைக்கும் போயிடுச்சி?"

"அங்கியும் ரயிலு கீதுல்ல" என்றார் கஜபதி மாமா.

"ஆனா அந்தப் பொண்ணு மோசம்பா. பெத்தவனப் போயி..."

"அது வேற. என் பொண்ணுக்கு நெஜமாவே கேக்கல."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேராக வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தார். எனக்கு எதிரே நின்று, என் வண்டிக் கண்ணாடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"உதயா, ஐயாவுக்குக் கதையெல்லாம் நீதான் குடுக்கறியாமே."

"ஏதோ மாமா. புக்குல படிக்கறதுதான்."

"இது எந்த புக்கு?"

ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்கு எத்தனையோ பெயர்கள் தெரியும். ஒன்று கூட வாயில் வரவில்லை.

"பேரு மறந்துட்டேன் மாமா."

"பரவால்ல." இன்னொரு கண்ணாடியையும் துடைத்தார். "அந்தப் பொண்ணு அப்புறம் யார்கிட்டனா சொல்லிச்சா? அந்த புக்குல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. ஆமாம் என்றால் எல்லாம் தெரிந்துவிடும் என்று தோன்றியது. இல்லை என்றால் அவருடைய மகள் அவருக்காக அழவே இல்லை என்றாகிவிடும்.

"சொன்னா மாமா. அவ சிநேகிதிகிட்ட. ரொம்ப அழுதா."

"எத்தினி வருசம் கழிச்சி?"

"மூணு."

"மூணு வருசமா அத சுமந்துகினு இருந்துச்சா." மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு வார்த்த வந்து சொல்லியிருந்தா, போ பைத்தியமேன்னு சொல்லியிருப்பான் அந்த ஆளு. கிரீஸ் சட்டையோட போயி நின்னது அவன் தப்பு."

"மாமா, நான்..."

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்தேன். அதற்கு முன் ஏழு அழைப்புகள் வந்து நின்றிருந்தன. திரையில் சுஜாதாவின் பெயரும், தீபாவளிக்கு எடுத்த அவளுடைய படமும். மறைக்கத்தான் பார்த்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"எடும்மா. கொழந்த பயந்துகினு இருக்கும்."

எடுத்தேன். காதில் வைப்பதற்கு முன்பே அவள் குரல் வெளியே கேட்டது.

"ஹாஸ்டல்ல எல்லாரும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்தாங்கடி. என்ன பண்ணி வெச்சிருக்க நீ?" மூச்சு வாங்கினாள். "சரி, அத விடு. அத அப்புறம் பேசிக்கலாம். நைனா இன்னிக்கு டூட்டிதானே? சர்ச்சுக்கு வரலல்ல? எனக்குப் பீடம் மட்டும்தான் தெரிஞ்சிது. உதயா, கேக்குதா? நைனா வந்துச்சா?"

கஜபதி மாமா ஒரு அடி பக்கத்தில் வந்தார். அவள் காதுக்குப் போகாதபடி, உதடு மட்டும் அசைய, மெதுவாகச் சொன்னார்.

"நான் வரலன்னு சொல்லும்மா."