மூன்றாம் இருக்கை

பிஷ்கெக்கிலிருந்து நாரின் ஊருக்குப் போகும் பஸ்ஸின் மூன்றாம் இருக்கை காலையிலேயே சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு டிக்கெட்கூட விற்காத பஸ். மற்ற இருக்கைகள் எல்லாம் திரையில் பச்சைப் பசேலென்று காத்திருக்க, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் அந்த ஒன்று மட்டும் ஆள் இருக்கிறது என்றது. பெர்மெத் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தாள். அங்கே அதை யாரும் வாங்கவில்லை. மதியம் யாரோ பின்வரிசையில் முதல் டிக்கெட் எடுத்தார்கள். மறுபடி பார்த்தால் மூன்றாம் இருக்கை பச்சை! துண்டு போட்டு இடம் பிடித்தவன் வேண்டிய ஆள் வந்ததும் துண்டை எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

வழியிலுள்ள டோலோன் கணவாயின் வளைவுகளில் வயிற்றைப் புரட்டாத இருக்கை அது. அதற்காக பிஷ்கெக் பஸ் நிலையத்தில் நடக்கும் சண்டைகளை அவளே பார்த்திருக்கிறாள். டிரைவர்கள் அதை மறைத்து வைத்துக் கடைசி நேரத்தில் கைமாற்றுகிறார்கள் என்றுதான் பஸ் கம்பெனி இணையத்தில் விற்க முடிவுசெய்து, இவர்களுடைய சின்ன ஆபீசுக்கு வேலையைக் கொடுத்தது. ஆயத்தமாகக் கிடைக்கும் எதுவும் அந்தப் பழைய பஸ்களுக்குப் பொருந்தவில்லை. இருவர் உட்கார்ந்து அடியிலிருந்து கட்டினார்கள். டேட்டாபேஸிலிருந்து இருக்கை விவரத்தை எடுத்து வரும் பகுதி பெர்மெத்துடையது. அதை வாங்கி, சர்வரிலேயே பஸ்ஸின் படத்தை வரைந்து இணையப் பக்கத்தில் வைக்கும் கண்ட்ரோல் என்ற நிரல்துண்டு குபானுடையது.

குபானின் தாய்மாமன் நாரின் பஸ் ஓட்டுகிறார்.

"மாமா எப்படி இருக்காரு குபான்?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"அவருக்கென்ன அக்கா, பஸ்ஸவிட அவர்தான் அதிகமா புகை விடறாரு." சிரித்தான். "ஞாயித்துக்கிழம மறந்துடாதீங்க. புள்ளையத் தொட்டில்ல போடறோம். நீங்க வரலைன்னா என் பொண்டாட்டி என்னையும் சேர்த்துத் தொட்டில்ல கட்டிடுவா."

தேவைக்கு மேல் சிரிக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவன் போனில் தணிந்த குரலில் பேசியதும் காதில் விழுந்தது. "முன்னாடி சீட்டா? பாத்துக்கலாம் மாமா." அதற்குப் பிறகு அவன் தும்மினால்கூட அதில் ஏதோ இருந்தது. அவனுடைய கண்ட்ரோலை வரிவரியாகப் படித்தாள். சுத்தமாக இருந்தது. அதுவே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. கெட்டிக்காரன், தடம் தெரியாமல் செய்திருக்கிறான்.

முதலாளி ரோசாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நிச்சயமாத்தான் சொல்றியா?" என்றாள் ரோசா.

"டேட்டாபேஸ்ல இல்ல. வெப் பக்கத்துல இருக்கு. நடுவுல அவன் மட்டும்தான் இருக்கான்."

விசாரித்து முடியும்வரை குபானை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். குபான் தன் தேநீர்க் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு நின்றான். "நீங்களாவது சொல்லுங்க அக்கா. கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு நான் அப்படிச் செய்வேனா?" பெர்மெத் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கராகோல் வழித்தடத்தைத் திறந்தார்கள். புது பஸ், புது டிரைவர். குபான் கைவைக்காதது, மாமன் ஓட்டாதது. பக்கத்தைத் திறந்தாள். மூன்றாம் இருக்கை சாம்பல். தன் பேரிலேயே ஒரு டிக்கெட் எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் இருக்கை பச்சையானது.

இத்தனை நாளும் திறந்து பார்க்கத் தோன்றாத ஒன்றை, தன்னுடைய பகுதியை, அப்போதுதான் திறந்தாள். நடுவில் இருந்தது அவன் மட்டுமல்ல. கட்டும் காலத்தில், பக்கத்தை வடிவமைப்பவருக்கு வெறும் கட்டமாகத் தெரியக்கூடாதே என்று, கொடுக்க விற்பனை விவரம் எதுவும் இல்லையென்றால் மாதிரிக்காக ஒரு பஸ்ஸைக் கொடு என்று எழுதியிருந்தாள். விற்ற இருக்கை எப்படித் தெரியும் என்று காட்ட, அதில் மூன்றாவதை மட்டும் விற்றதாக வைத்திருந்தாள். வடிவமைப்பவரின் திரையில் மட்டும்தான் அது வரவேண்டும். அந்த ஒரு நிபந்தனையைப் போட மறந்திருந்தாள். ஒரு டிக்கெட்கூட விற்காத பஸ்ஸும் விவரமே இல்லாத வடிவமைப்புத் திரையும் அவள் எழுதிய நிரலுக்கு ஒன்றுதான்.

சரிசெய்துவிட்டு ரோசாவிடம் சொன்னாள். "நீயே போய்க் கூப்பிடு" என்றாள் ரோசா.

தொட்டில் விருந்தில் எண்ணெயில் பொரித்த போர்சோக் அப்பங்கள் மலையாகக் குவிந்திருந்தன. சமையலறை வாசலில் குபானை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெறும் பஸ்ல பேய் உக்காந்திருந்துச்சா?" என்றான்.

"ரோசாகிட்ட உன் பேரைச் சொன்னது நான்தான்."

"தெரியும் அக்கா. அன்னைக்கு மத்தவங்க எல்லாம் என் மூஞ்சியப் பாத்தாங்க. நீங்க மட்டும்தான் பாக்கல."

அதற்குள் மாமன் வந்துவிட்டார். சிகரெட் வாடை, தங்கப் பல். ஒரு கை போர்சோக்கை அள்ளி அவள் கையில் திணித்தார். "நீதான் அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணா? நல்ல வேலை பண்ணியிருக்க தாயீ. இனிமே எல்லாம் நேர் வழிதான்." மருமகனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். புகை பட்டதாலும் இருக்கலாம்.

திங்கட்கிழமை குபான் வந்து தன் கோப்பையைப் பழைய இடத்தில் வைத்தான். பெர்மெத் நாரின் பஸ்ஸைத் திறந்தாள். எல்லாம் பச்சை. சாமோவார் கொதிகலத்துக்குப் போய்த் தேநீர் பிடித்துக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் பக்கத்தைப் புதுப்பித்தாள்.

மூன்றாம் இருக்கை சாம்பல்.

டேட்டாபேஸைப் பார்த்தாள். இந்தமுறை டிக்கெட் இருந்தது. முறையாக விற்ற டிக்கெட். ஒரு தட்டுத் தட்டினால் வாங்கியவர் பெயர் வந்துவிடும். சுட்டி அதன்மேல் நின்றது.

"என்ன அக்கா, சரியா வருதா?" திரும்பாமலே கேட்டான் குபான்.

"வருது."

அவன் எதையோ முணுமுணுவென்று பாடியபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தான். அவள் விரல் பொத்தானை அழுத்தவும் இல்லை, விட்டு எழவும் இல்லை. திரையில் பச்சை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஒருவர் மட்டும், கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பாகவே ஏறி உட்கார்ந்திருந்தார்.