குழியிலிருந்து ஒரு சொல்

அந்த அரங்கில் அவளை எல்லோரும் குழியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையின் முன்விளிம்பில், ஒரு மரப்பெட்டிக்குள் கழுத்துவரை புதைந்து உட்கார்ந்திருக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பார்க்க வந்தவர்களுக்கு அவள் தலை தெரியாது. பாடுகிறவர்களுக்கு அவள் முகம் மட்டும் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு நொடி முன்னால் அதன் முதல் சொல்லைத் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஓபரா என்னும் இசை நாடகம், மூன்று மணி நேரம், முழுக்க முழுக்க இத்தாலிய மொழிப் பாட்டு. யாருக்குத்தான் நடுவில் நாக்கு ஒட்டிக்கொள்ளாது? பதினாறு வருடமாக அடியெடுத்துக் கொடுக்கிறாள். ஒரு கைதட்டல்கூட அவள் பக்கம் வந்ததில்லை. அவளும் அதற்காக மூக்கைச் சிந்தியதில்லை.

இன்று அந்த வாய்க்கும் பூட்டு. பகல் ஆட்டத்தை ஏழு கேமராக்கள் படம்பிடித்து, நேரடியாகத் திரையரங்குகளுக்கு அனுப்புகின்றன. ஒலிப்பதிவாளர் காலையிலேயே குழிக்குள் குனிந்து சொல்லிவிட்டார்.

"விளிம்பு பூரா மைக் வச்சிருக்கேன். நீங்க மூச்சு விட்டாலே ஊரெல்லாம் கேக்கும். இன்னைக்கு உதட்ட மட்டும் அசைங்க."

"தும்மல் வந்தா?"

"முழுங்கிடுங்க."

சிரித்து வைத்தாள். ஆனால் இன்று ராணியாகப் பாடப்போவது அவளுடைய கூடப்பிறந்த அக்கா. அக்காவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்பது டாக்டரைத் தவிர இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒப்பனை அறையில் அக்கா கிரீடத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"குட்டி, இன்னைக்கு ஒரு இடத்துலகூடத் தடுக்கக் கூடாது. நாளைக்கு நான் யாருன்னு எனக்கே தெரியாமப் போச்சுன்னா, இந்தப் படத்தப் போட்டுக் காட்டு. இதுதான் நீன்னு சொல்லு."

"சும்மா இருக்கா. நேரங்கெட்ட நேரத்துல."

"நீ என் கண்ணுல பட்டுக்கிட்டே இரு, போதும்."

முதல் இரண்டு அங்கமும் அப்படித்தான் ஓடின. அக்காவின் கண் குழிக்கு வரும், தங்கையின் உதடு அசையும், பாட்டு வழுக்கிக்கொண்டு போகும். ஆனாலும் குழியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரல் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நேரம் வருவதற்கு முன்பே புரட்டப் பார்த்தது. கால் மரத்துப்போனது, நீட்டினால் பெட்டி கிறீச்சிடும் என்று நீட்டவும் பயம்.

இடைவேளையில் மேடை மேலாளர் வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "மூணாவது அங்கத்துல ராணி வலது ஓரமாப் போய் நிக்கப் போறாங்க. சைடு கேமராவுல முகம் நல்லா விழுதாம். படம் எடுக்கிற டைரக்டர் சொல்லிட்டார்."

"அங்க நின்னா எனக்கு முதுகுதான் தெரியும்."

"அவங்களுக்கு நீங்க எதுக்கு? முப்பது வருஷமாப் பாடற பாட்டு."

உண்மையைச் சொன்னால் அக்காவின் மானம் போகும். சொல்லாவிட்டால் அக்காவே போவாள். மணி அடித்துவிட்டது. அவள் குழிக்குள் இறங்கினாள்.

மூன்றாவது அங்கம். கதைப்படி ராஜா போருக்குக் கிளம்பிவிட்டான். ராணி வாசலில் நின்று அவனைக் கூப்பிட வேண்டும். வாத்தியங்கள் அவளுக்காக வழிவிட்டுத் தணிந்தன. குரல் வரவில்லை. வாத்தியக் குழுவை நடத்துகிறவர் கையை இறக்காமல் வயலின்களை ஒரே சுரத்தில் இழுத்துப் பிடித்தார். அக்காவின் வலதுகை மேலங்கித் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் சாவி என்ற சொல்லைத் தேடும்போதும் அந்தக் கை அப்படித்தான் பிய்க்கும். குழியக்கா உதட்டை அசைத்தாள். முதுகுக்கு எங்கே கண் இருக்கிறது?

மைக் அவள் மூக்குக்கு ஒரு முழத்தில் இருந்தது. பதினாறு வருட வேலை, ஒலிப்பதிவாளரின் எச்சரிக்கை, அக்கா கேட்ட குறையில்லாத படம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

"ரித்தோர்னா."

திரும்பி வா என்று அர்த்தம். அது குழிக்காரியின் தாழ்ந்த குரலே இல்லை. தெருமுனையில் எங்கோ பராக்குப் பார்த்து நிற்கும் அக்காவைச் சின்ன வயதில் கூப்பிட்ட குரல். அக்கா திரும்பினாள். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழியைப் பார்த்து, அந்தச் சொல்லைப் பிடித்துப் பாட்டில் மேலே ஏறினாள். அப்புறம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

ஆட்டம் முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, அக்காவும் தங்கையும் ஒப்பனை அறைக்குள் நுழைந்ததுமே ஒலிப்பதிவாளரும் வந்துவிட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டிருந்தார்.

"நேரடியாக் கேட்டவங்க கேட்டாச்சு. பதிவுல அந்தக் குரல எடுத்துடலாம். இருந்த இடம் தெரியாது."

"எடுத்துடுங்க சார்," என்றாள் குழியக்கா. "மொதல்ல அதச் செய்யுங்க."

"எடுக்க வேண்டாம்," என்றாள் அக்கா.

"நீதானக்கா தடுக்கவே கூடாதுன்ன?"

"தடுத்துச்சு. எனக்கு மறதி நோய் சார், உங்களுக்கும் தெரிஞ்சிட்டுப் போகட்டும்." அக்கா கண்ணாடியில் தங்கையைத் தேடிப் பிடித்தாள். "ஒருநாள் எனக்கு இதப் போட்டுக் காட்டுவ இல்ல, அப்போ நான் கேப்பேன், யாரு அது கூப்பிடறதுன்னு. நீ சொல்லணும்."

குழியக்கா பஞ்சை எண்ணெயில் நனைத்து, அக்காவின் காதோரம் ஒட்டியிருந்த சாயத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.