கூலரில் நான் அடைத்த துளை

ஜூன் 15

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

புதன்கிழமை அமலா அக்கா செஞ்சிக்கு வந்தார். புதுச்சேரியில் அவருக்கு ஒரு விசைப்படகு. மீன்பிடித் தடைக்காலம் சனிக்கிழமையோடு முடிவதால் அங்கே எல்லாப் பட்டறையிலும் கூட்டம். இன்ஜின் சூட்டைக் கடல்நீரால் தணிக்கும் கூலரைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டார். நான் வேலை செய்யும் பாண்டுரங்கன் அண்ணன் பட்டறையில் லாரி ரேடியேட்டர்தான் பார்ப்போம்.

“எல்லாம் அடைப்புதான? சுவாதி எடுத்துடுவா,” என்று என்னைக் காட்டினார் அண்ணன்.

குழாய்களுக்குள் உப்பும் சுண்ணாம்பும் இறுகியிருந்தன, நடுநடுவே பொடிச் சிப்பிகள். தண்ணீர் கலந்த ஆசிட்டை பம்ப் வைத்து ஓடவிட்டேன். நுரை அடங்கியதும் சோடா கரைத்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். பக்கவாட்டில் ஒரு திருகு. அதன் முனையில் அரித்துப்போன சாம்பல் நிறக் கட்டை, சுண்டுவிரல் அளவு. லாரியில் அப்படி ஒன்று கிடையாது. அதுவும் அழுக்கு என்று தட்டி எறிந்தேன். எறியும்போதே சந்தேகம். செய்யும் வேலையைக் குறித்துவைக்கும் நோட்டில் கேள்விக்குறி போட்டேன், அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால், “கிளாசுக்குப் போயி இன்னாதான் படிக்கிற?” என்பார்.

தொட்டியில் முக்கிக் காற்று அடித்தபோது அந்தத் திருகிலிருந்து குமிழி வந்தது. திருகோடு சேர்த்துப் பித்தளை உருக்கி ஒரேயடியாக அடைத்துவிட்டேன். “கை சுத்தம்,” என்றார் அண்ணன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். அக்கா கூலரோடு புதுச்சேரிக்குத் திரும்பினார்.

வெள்ளி மாலை டீசல் மெக்கானிக் வகுப்பில் படகு இன்ஜின் படம் காட்டினார்கள். அதில் அதே திருகு. முனையில் இருப்பது துத்தநாகக் குச்சி. கடல்நீர், குழாய்களை அரிக்காமல் அதைத் தின்னட்டும் என்று வைப்பது. தீர்ந்தால் புதிது மாட்டுவார்கள். குச்சி மாட்டும் இடத்தையே நான் அடைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அண்ணனிடம் சொன்னேன்.

“ரெண்டு மாசம் தாங்கும். ஓட்டை வுழுந்தா நம்மகிட்டதான் வரும். கம்முனு இரு.”

“நடுக்கடல்ல வுழுந்தா?”

“நீ இன்னா கூடவா போற?”

மதியம் வரைதான் கம்மென்று இருக்க முடிந்தது. அமலா அக்காவுக்கு போன் செய்தேன்.

“சொல்லு கண்ணு! ஐஸ் ஏத்திக்கினு இருக்கோம். இன்ஜின் சூடே ஏறல, போ!”

சொன்னேன். ஐஸ் ஏற்றுவதை நிறுத்தச் சொன்னது போனில் கேட்டது.

“நீ கடலப் பாத்திருக்கியா?”

“இல்லக்கா.”

“தெரியுது. வெடிகாலைல எல்லாப் போட்டும் கெளம்புது. நீயே வந்து தொறந்து வுடு.”

புதுச்சேரிக்குக் கிளம்புகிறேன் என்றதும், “டேப் செட்டத் தொலைச்சிட்டு வராத,” என்று மட்டும் சொல்லி, மரை வெட்டும் பெட்டியை அண்ணன் நீட்டினார்.

இரவு புதுச்சேரியில், அக்காவின் படகில் வைத்துப் பித்தளையைத் துளைத்தபோது துளை பெரிதாகிவிட்டது. அந்த அளவுத் திருகு விற்கும் கடையைச் சாத்திவிட்டார்கள். விடியற்காலையில் எல்லாப் படகுகளும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அக்காவின் படகு மட்டும் கட்டிக் கிடந்தது. இரண்டு மாதம் கரையில் காத்திருந்த நான்கு பேர் என் கையையே பார்த்தார்கள்.

“செஞ்சியில கோட்டைதான்னு நெனச்சேன். போட்டு டாக்டரும் கீறாங்களா?” என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

கடை திறந்து, குச்சி மாட்டி முடிக்கப் பத்தரை ஆனது.

“வேற எதையாச்சும் தூக்கிப் போட்டியா? யோசிச்சிச் சொல்லு,” என்றார் அக்கா.

நோட்டை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன், கேள்விக்குறி உட்பட. கடைசிவரை கேட்டார்.

“சரி. எறங்கு.”

படகு நகர்ந்தது. அதன் விலாவிலிருந்து கூலர் தண்ணீர் பீய்ச்சி விழுந்துகொண்டிருந்தது. அது நின்றால் இன்ஜின் சூடேறிவிடும்; நின்றுவிடுமோ என்று, படகு மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடலை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.