இருபது மனையில் ஒரு வீடு

ஆட்சியர் அலுவலக வாசலில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். எதையும் தேதி போட்டு, நடந்த வரிசைப்படி எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

ஜூன் மூன்றாம் தேதி கமலாட்சி வந்தார். பட்டு நெசவுக்காரர். முப்பது வருடத்துக்கு முன் நெசவாளர்கள் இருபது பேர் சேர்ந்து, திருமுக்கூடல் போகும் சாலையோரம் நிலம் வாங்கி மனை பிரித்தார்கள். வீடு கட்டியது கமலாட்சியும் அவர் கணவர் வீரபாகுவும் மட்டும்தான். அந்த வீட்டிலிருந்து நூற்றிருபது மீட்டரில் ஆறு மாதமாகக் கல்குவாரி ஓடுகிறது.

"எங்க வீடே அனுமதி இல்லாத வீடுன்னு குவாரிக்காரங்க சொல்லிக்கினு இருக்காங்கண்ணா. வர்ற வியாழக்கெழம ஆர்.ஐ. வந்து பாத்து எழுதப் போறாரு. நாங்க இருக்கறதா, காலி பண்றதான்னு அவரு எழுதறதுலதான் இருக்குது."

குவாரிக்கு உரிமம் முறையாகத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் குடியிருப்புப் பகுதிக்கு முந்நூறு மீட்டருக்குள் கல் வெட்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. நகர ஊரமைப்புத் துறை அனுமதித்த மனைப்பிரிவு என்றால், வீடு எழும்பாவிட்டாலும் அது குடியிருப்புதான். கமலாட்சியிடம் அனுமதி எண் இருந்தது. வரைபடத்தைக் கரையான் தின்றிருந்தது. மனை பிரித்ததற்கு நிலத்தில் ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டேன்.

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தார். பிறகு, "குழி இருக்குதுண்ணா" என்றார்.

அது அவர்கள் வழக்கம். மனை வாங்கியதும் சுவர் எழுப்புவதற்கு முன்பே, நெசவாளி கால் விட்டு உட்கார்வதற்கான தறிக்குழியைத் தோண்டுவார்கள். அதில் விளக்கேற்றிவிட்டுப் பலகை போட்டு மூடுவார்கள். மற்ற பத்தொன்பது பேரும் தோண்டி மூடிவிட்டுப் போனார்கள். வீடு கட்ட ஒருவரும் திரும்பி வரவில்லை.

"நல்ல அடையாளமாச்சே. அதுக்கு ஏம்மா இவ்ளோ தயங்கறே?"

"நாலு மணிக்கு வெடி வெப்பாங்கண்ணா. வெச்சதும் பலகைக்கு அடியில டக்கு டக்குன்னு மிதிக்கற சத்தம் வரும். எங்க வீட்டுக்காரரு தறி மிதிச்சா வர்ற அதே சத்தம். பத்தொம்போது எடத்துலயும்."

"அது வெடி அதிர்வும்மா."

"அதிர்வுன்னா ஒரு நிமிசத்துல அடங்காதா? இது அரைமணி நேரம் நெய்யுது."

மனுவின் நான்காம் பத்தியில் பத்தொன்பது குழிகளையும் எழுதினேன். சத்தத்தை எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் போனேன். வெளியூர் போயிருந்த கமலாட்சியும் அப்போதுதான் திரும்பியிருந்தார். ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், அப்பாதுரை டேப்போடு வந்திருந்தார். குவாரி மேலாளர் சரத்குமாரும் இருந்தார். ஆய்வுக்காக அன்று குவாரியை நிறுத்தியிருந்தார்கள்.

நிலத்தில் ஒரு குழிகூட இல்லை. எங்கும் சாம்பல் நிறத்தில், குவாரியில் கல் உடைக்கும்போது விழும் கிரஷர் பொடி மட்டமாகக் கிடந்தது.

கமலாட்சி கணவரைத் திரும்பிப் பார்த்தார். வீரபாகு தலை குனிந்துகொண்டார்.

"நான்தான் மூடினேன். முந்தாநாள் நீ ஊருக்குப் போனதும் அஞ்சு லோடு வாங்கிப் போட்டேன். நெய்யறப்போ என் காலு என் பேச்ச கேக்கல கமலா. அந்தச் சத்தத்தோடயே போவுது."

"ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வீடே போச்சேய்யா!"

சரத்குமார் சிரித்தார். "எங்க பொடிய எங்ககிட்டயே வாங்கி மூடியிருக்காரு. ரொம்ப தேங்க்ஸ்பா. சார், வெறும் பொட்டல்னு எழுதிக்கோங்க."

அப்பாதுரை பேனா மூடியைத் திறந்தார்.

டக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக். குவாரியில் ஆள் இல்லை. வீட்டுத் தறியிலும் ஆள் இல்லை; வீரபாகு என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருடைய வலது கால் பெருவிரல் அதே தாளத்தில் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

முதல் மனையில் பொடி சதுரமாக உள்ளே இறங்கியது. அடுத்து இரண்டாவது மனையில். ஒவ்வொருவராக வந்து தறியில் உட்கார்வதுபோல வரிசையாக இறங்கிக்கொண்டே போனது. நான் எண்ணினேன். பத்தொன்பது.

"கீழ பொந்து விழுந்திருக்கு சார், எங்க வெடியில..." என்று ஆரம்பித்த சரத்குமார் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"உங்க வெடியிலன்னே எழுதிக்கட்டுமா?" என்றார் அப்பாதுரை. டேப்பை விரித்து ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை, முப்பது அடிக்கு ஒன்று. மனைப்பிரிவு நிலத்தில் காணப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட அங்கே நிற்கவில்லை.

ஜூலையில் உரிமத்தை நிறுத்தி உத்தரவு வந்தது. கமலாட்சிக்கு வீடு நிலைத்தது. மற்ற மனைக்காரர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அவர் கடிதம் எழுதச் சொன்னார். பெயர்கள் தெரியும், விலாசம் ஒன்றும் தெரியாது.

"மனை நம்பரையே போடுங்கண்ணா. அங்கதான இருக்காங்க." அவர் சிரிக்கவில்லை. "வெடி நின்னுபோச்சு. ஆனா நாலு மணியானா தறி ஓடுது. அந்த நேரத்துக்கு எங்க தறிய நிறுத்திடறோம். அக்கம்பக்கம்னா அனுசரிச்சுத்தான போவணும்?"

பத்தொன்பது கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒவ்வொரு உறையின் பின்னாலும் என் முகவரி இருக்கிறது. ஆளில்லாத இடத்துக்குப் போன கடிதம் பத்து நாளில் என்னிடமே திரும்பி வந்துவிடும். என் அனுபவத்தில் அது தவறியதில்லை.

இன்று ஆகஸ்ட் இருபத்தெட்டு. ஒன்றுகூடத் திரும்பவில்லை.