இரண்டு துடிப்புக்கு நடுவே

மாத்திரை சிறியது. வெள்ளை. உடைத்துக்கொள்ள நடுவில் ஒரு கோடு.

"இதயத் துடிப்பு ஒழுங்கா இருக்கணும்னா இதத் தினமும் போட்டே ஆகணும்," என்றார் டாக்டர். "படபடப்பு அடங்கும். கை நடுக்கம்கூட இருக்காது."

"அதுதான் டாக்டர் பிரச்சினையே," என்றாள் அவள்.

துப்பாக்கி சுடும் போட்டியில் அந்த மாத்திரைக்குத் தடை. அதைப் போட்டுக்கொண்டால் நடுங்காத கை கள்ளக் கை. விதிவிலக்குக் கேட்டாள். மறுத்துவிட்டார்கள்.

முப்பது வருடமாக அவள் சுட்டது இரண்டு துடிப்புக்கு நடுவில்தான். மூச்சைப் பாதியில் நிறுத்துவாள். துடிப்பு ஒன்று விரல்நுனிவரை வந்து போகும். அடுத்தது வருவதற்குள் கை கல்லாகும். அப்போது விசையை அழுத்துவாள். முதல் தேசியப் பட்டம் கல்யாணத்துக்கு முன்பு. கடைசிப் பட்டம் மகளின் கல்யாணத்துக்குப் பிறகு. அந்த மகள் வயிற்றில் இருந்தபோதும் சுட்டு ஜெயித்தாள்.

"ஊரே உன் குறியப் பாத்து வாயப் பொளக்குது," என்பார் கணவர். "ஊசில நூல் கோக்க மட்டும் நான் வரணும்."

இப்போது அவர் கேலி செய்யவில்லை.

"ஏங்க, இந்தத் தேர்வுப் போட்டி மட்டும். முடிச்சுட்டுப் போட்டுக்கறேன்."

"போன தடவ குளியலறையில விழுந்த. அடுத்தது எங்கன்னு சொல்லிட்டு விழுவியா?"

"ஒரே ஒரு போட்டிங்க."

"உனக்கு எப்பவும் ஒரே ஒண்ணுதான்."

மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

போட்டியன்று முதல் சுற்று நன்றாகவே போனது. பக்கத்து இடத்தில் நின்ற பெண்ணுக்கு அவள் மகளைவிட வயது குறைவு.

இரண்டாம் சுற்றில் கையை உயர்த்தினாள். மூச்சை நிறுத்தினாள். ஒரு துடிப்பு வந்தது. அது போவதற்குள் இன்னொன்று முட்டிக்கொண்டு வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

கை கல்லாக நின்றது. குறி இலக்கின் கருவட்டத்துக்குச் சற்றுக் கீழே, அவள் எப்போதும் வைக்கும் இடத்தில் அசையாமல் இருந்தது. இவ்வளவு பெரிய இடைவெளி அவளுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அவள் சுடவில்லை. அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள்.

அது வந்தது. நெஞ்சில் யாரோ கதவை இடித்ததுபோல் வந்தது. கையை இறக்கினாள். குண்டை வெளியே எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். நடுவரை நோக்கிக் கையைத் தூக்கினாள்.

"துப்பாக்கில ஏதாவது கோளாறா மேடம்?"

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. நான் நிறுத்திக்கறேன்."

பார்வையாளர் வரிசையில் கணவர் எழுந்து நின்றிருந்தார். அவள் நடந்து வருவதற்குள் அட்டையைக் கிழித்திருந்தார்.

"பாதியா? முழுசா?"

"முழுசு."

நீட்டிய அவர் உள்ளங்கையில் மாத்திரை நடுங்கியது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.