வக்கீலக்காவின் முகம்

சட்டம் படிக்காத அவளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுக்காகக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் பேசுவது அவள் வேலை. ஒரு குழந்தை எங்கே இருக்க வேண்டும், யாரோடு போக வேண்டும் என்று பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்யும்போது, குழந்தையின் கட்சிக்கு ஒருத்தியாவது வேண்டுமே, அந்த ஒருத்தி அவள். வேலையில் கெட்டிக்காரி. அது அவளுக்கும் தெரியும். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

போன வருஷத்திலிருந்து எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்காக அவள் பேசிவந்தாள். தங்கவைத்திருந்த இல்லத்தில் அந்தக் குழந்தைக்கு மேனேஜர் என்று பெயர். யாருக்கு எப்போது கோபம் வரும் என்பது வந்த வாரமே அதற்கு அத்துப்படியாகிவிட்டது. வார்டனம்மாவுக்குத் தலைவலி என்றால் மற்ற பிள்ளைகளை அதட்டி அடக்கி வைக்கும். சமையல்காரர் முகத்தைச் சுளித்தால் ஓடிப்போய்த் தட்டுகளை அடுக்கும். எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. அப்பன் மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று அம்மாவுக்குச் சொல்லி வளர்ந்த பிள்ளை அது. கடைசியில் ஒருநாள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. அப்பன் சிறைக்குப் போனான்.

"இந்தக் குழந்தை தனக்கு என்ன வேணும்னு சொல்லாது. எதிர்ல இருக்கறவங்களுக்கு என்ன வேணுமோ அதைத்தான் சொல்லும்," என்று குழுவிடம் வக்கீல் சொன்ன அன்று தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். அந்தப் பேச்சை நினைத்து அவள் வெகுநாள் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தாள்.

தன் வீட்டைப் பற்றி மாதக்கணக்கில் வாய் திறக்காத மேனேஜர் முதலில் அதைப் பேசியது அவளிடம்தான். முதலில் சிரித்ததும் அவளைப் பார்த்துத்தான். அவள் வண்டியை நிறுத்துவதற்குள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "வக்கீலக்கா, இன்னிக்கு லேட்டு." வீட்டில் அவளுக்கும் ஒரு மகன் இருந்தான். அவன் காதில் எந்நேரமும் ஒயர் தொங்கும். அம்மா வந்தாளா போனாளா என்று அவனுக்குத் தெரியாது. இங்கே ஒரு ஜீவன் அவள் லேட்டைக் கவனித்தது.

அப்புறம் சித்தி வந்தாள்.

செத்துப்போன அம்மாவின் தங்கை. வேறு ஊரில் லாண்டரி ஒன்றில் இஸ்திரி போடுகிறவள். அக்கா புருஷன் உறவை அறுத்துவிட்டதில் சேதியே தாமதமாகத்தான் எட்டியது என்றாள். கேட்டதும் கையிருப்பு லீவையெல்லாம் போட்டுவிட்டுக் கிளம்பி வந்திருந்தாள். முழங்கை வரை சூட்டுத் தழும்பு. சிரித்தால் பக்கத்து அறையில் டைப் அடிக்கிறவர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். பிள்ளையை நான் கூட்டிப்போய் வளர்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

நியாயமான கேள்விகள் எத்தனையோ இருந்தன. வக்கீலின் மனதில் முதலில் எழுந்தது நியாயமான கேள்வி அல்ல: இத்தனை நாள் எங்கே போய் என்ன கிழித்துக்கொண்டிருந்தாள் இவள்?

குழு வழக்கப்படி நான்கு வாரம் சந்திப்பு நடந்தது. இல்லத்தின் பின்பக்க அறை. குட்டை நாற்காலிகள், தலையில்லாத பொம்மை கிடக்கும் கூடை, கதவில் யானைப் படம் ஒட்டிய கண்ணாடி. சந்திப்பைக் கவனித்து எழுதும் பார்வையாளர் மூலை நாற்காலியில் உட்கார வேண்டும்; இங்கே அது வக்கீல். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது. முகத்தில் எதுவும் காட்டக் கூடாது. கல்லு முகம் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே வக்கீல்தான்.

சித்தி கையை நீட்டினாள். மேனேஜர் மூலையைப் பார்த்தது, பிறகு நகராமல் நின்றது. சித்தி ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். மூலையைப் பார்த்தது, ஒரு சுளையை மட்டும் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டது. சித்தி தலைவாரிவிடவா என்றாள். மூலையைப் பார்த்தது, வேண்டாம் என்றது.

வாரம் தவறாமல் இதே கூத்து. ஒட்டவில்லை என்று வக்கீல் எழுதினாள். எழுதும்போது வருத்தமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியில் பாட்டுப் போட்டாள்.

கடைசிச் சந்திப்புக்கு அவள் உள்ளே நுழையும்போது வார்டனம்மா சீண்டினாள். "என்ன வக்கீல், இந்த அறைக்குள்ள போறப்போ மட்டும் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?"

"எனக்கா? நான் எப்பவும் இப்படித்தான்."

"அப்படியா. சரி, கண்ணாடி வாங்கித் தரேன், ஒருதரம் பார்த்துக்கோங்க."

சந்திப்பின் நடுவில் குழு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எடுத்தே ஆக வேண்டும். வார்டனம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனாள். விசாரணையை நாளைக் காலைக்கே வைத்துவிட்டோம், உங்கள் பரிந்துரையோடு வாருங்கள் என்றார்கள். திரும்பி வந்து கதவுப் பிடியில் கை வைத்தவள், யானைத் தும்பிக்கைக்கும் காலுக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியாக உள்ளே பார்த்தாள்.

மேனேஜர் சித்தியின் மடியில் இருந்தது. இரண்டு கைகளையும் விரித்து ஏதோ பெரிய கதை சொல்லிக்கொண்டிருந்தது. சித்தி வாயில் ரப்பர் பேண்டைக் கவ்விக்கொண்டு அதற்குச் சடை பின்னினாள். ஆரஞ்சுத் தோல் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. சித்தி என்ன சொன்னாளோ, குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பை வக்கீல் ஒரு வருஷத்தில் கேட்டதில்லை. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் உதட்டோரச் சிரிப்பு. அதைத்தான் பொக்கிஷமாகப் பொத்தி வைத்திருந்தாள்.

சித்தியின் இஸ்திரிப் பெட்டியைத் தன் மேலேயே வைத்துத் தேய்த்த மாதிரி எரிந்தது.

கதவைத் திறந்தாள். சத்தம் கேட்ட மாத்திரத்தில் மேனேஜர் மடியிலிருந்து வழுக்கி இறங்கியது. பாதிச் சடையைக் கையால் கலைத்துவிட்டது. தன் குட்டை நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, வக்கீலின் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை ஒருமுறை பார்த்தது.

"வக்கீலக்கா, தண்ணி வேணுமா?"

செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்து வளர்ந்த பிள்ளை இப்போது யாருடைய செருப்பைக் கேட்கிறது என்பது வக்கீலுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் எரிச்சல் அடங்கவில்லை. அதுதான் அசிங்கம்.

சித்தி போன பிறகு நடையில் குழந்தையை நிறுத்தினாள்.

"சித்தியைப் பிடிச்சிருக்கா?"

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"நான் உன்னைக் கேக்கறேன்."

மேனேஜர் யோசித்தது. "உங்களுக்குப் பிடிக்கலன்னா எனக்கும் வேணாங்க்கா. நான் இங்கயே இருந்துக்கறேன். நீங்க வருவீங்கல்ல?"

ஒட்டவில்லை, ஆறு மாதம் இல்லத்திலேயே இருக்கட்டும் என்ற பரிந்துரை அவள் பைக்குள் இருந்தது. குழந்தையே வாய்விட்டுச் சொல்லியும் விட்டது. நாளைக்கு இதை அப்படியே ஒப்பித்தால் போதும், ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. சித்தி லீவு முடிந்து ஊருக்குப் போய்விடுவாள். வாசல் கம்பியில் குழந்தை நிற்கும்.

மறுநாள் குழுவின் அறையில் தலைவர் கேட்டார். "உங்க பரிந்துரை?"

"இல்லைங்க. நாலு வாரமா நான் பார்த்தது எதையும் எடுத்துக்காதீங்க."

"ஏன்?"

"குழந்தை சித்தியைப் பார்க்கவே இல்ல, என் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தது."

"பார்வையாளர் முகத்துல என்னம்மா இருக்கும், பார்க்கறதுக்கு?"

"பொறாமை," என்றாள்.

பக்கத்திலிருந்த டாக்டர் இருமினார். தலைவர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தார். "இந்த அறையில இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்ல. இதுக்கு உங்க மேலயே விசாரணை வரும், தெரியுமில்ல?"

"தெரியும். நான் வெளிய போறேன். குழந்தையை நான் இல்லாம கேளுங்க. கதவைச் சாத்திட்டுக் கேளுங்க."

குழந்தையை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் சித்தி உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் மேல் கஞ்சி போட்ட துணியின் வாசனை அடித்தது.

"நீங்கதான் என்னை வேணாம்னீங்களாமே," என்றாள் சித்தி.

"ஆமா."

"உள்ளயும் அதைத்தான் சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"பின்ன என்ன சொன்னீங்க?"

"உங்களைக் கண்டா எனக்கு ஆகலன்னு."

சித்தி சிரித்துவிட்டாள். நடை முழுக்க எதிரொலித்தது. "எனக்கு மட்டும் ஆகுதாக்கும்? நேத்து அது சொன்ன கதையெல்லாம் என்னன்னு நெனச்சீங்க? வக்கீலக்கா இப்படி, வக்கீலக்கா அப்படி. காது புளிச்சுப்போச்சு."

அது கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. இதமாக இருந்ததற்காகத் தன்னையே அவள் திட்டிக்கொண்டாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ கதவுப் பக்கம் நடந்து வந்தார்கள். வக்கீல் சட்டென்று எழுந்தாள். கதவு திறந்தால் மேனேஜர் முதலில் எதைத் தேடும் என்று அவளுக்குத் தெரியும். எதிர்ச் சுவரில் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதற்கு நேராகப் போய் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது. சின்னக் காலடிகள் வந்து நின்றன. நின்றுகொண்டே இருந்தன. வக்கீலின் பின்கழுத்து கூசியது. திரும்பச் சொல்லி உடம்பில் ஒவ்வொரு எலும்பும் நச்சரித்தது. லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள் என்ற வரியை அவள் விடாமல் படித்தாள்.

"சித்தி," என்றது குரல். காலடிகள் ஓடின. அவள் பக்கம் வரவில்லை.

அவள் திரும்பவில்லை. முகம் இன்னும் சரியாகவில்லை. அதே வரியை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.